மஸ்டாங்கின் பின்சக்கரங்களுக்கு ஒரு டிராக் ரேடியல்: இரண்டு கோடை ஓட்டியபின் எழுதும் மதிப்பீடு

மிக்கி தாம்சன் நிறுவனத்தின் ஈ.டி. ஸ்ட்ரீட் எஸ்/எஸ் என்னும் டிராக் ரேடியல் (நேர்கோட்டுப் பந்தயத்துக்கும் சாலைக்கும் பொதுவான) டயர்களை இரண்டு கோடைகளாக என் காரின் பின்சக்கரங்களில் போட்டு ஓட்டிவருகிறேன். அளவு 305/45ஆர்17: அகலம் 305 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். கார் 2018-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.; 5.0 லிட்டர் வி8 என்ஜின், 460 குதிரைத்திறன், பத்து வேக ஆட்டோமேட்டிக் கியர். என்ஜினில் நான் எதையும் மாற்றவில்லை. மே முதல் அக்டோபர் வரை வேலைக்கும் கடைக்கும் இதே காரில்தான் போகிறேன், மாதத்தில் ஓரிரு மாலைகளில் மிச்சிகனின் மிலன் டிராக்வே என்னும் நேர்கோட்டுப் பந்தயத் திடலில் கால் மைல் ஓட்டிவிட்டு, அதே டயர்களோடு வீடு திரும்புகிறேன். திடலுக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த மதிப்பீட்டால் பெரிய பயன் இராது. ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிக்கொண்டு வர வேண்டியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கார் வந்தபோது அதில் இருந்தவை மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயர்கள், பின்பக்கம் 275/40ஆர்19. வளைவிலும் மழையிலும் அவற்றை விஞ்சுவது கடினம். ஆனால் நின்ற இடத்திலிருந்து முழு விசையோடு கிளப்புவது வேறு வித்தை. பச்சை விளக்கு விழுந்ததும் கால் சற்றே அழுந்தினால் போதும், பின்சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், பக்கத்துத் தடத்துக்காரர் போய்க்கொண்டே இருப்பார். அந்த டயர்களோடு நான் பெற்ற நல்ல நேரச்சீட்டில் முதல் 60 அடிக்கு 2.05 நொடி, கால் மைலுக்கு 12.49 நொடி, முடிவில் வேகம் மணிக்கு 113 மைல். வேகத்தைப் பார்த்தால் என்ஜினில் குறையில்லை என்பது தெரியும். தொலைந்ததெல்லாம் முதல் 60 அடியில் தொலைந்தது. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு 0.1 நொடிக்கும் கால் மைல் முடிவில் ஏறத்தாழ 0.15 நொடி மிச்சமாகும் என்பது திடலில் எல்லாரும் வைத்திருக்கும் மனக்கணக்கு. டர்போவுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் பணம் சேர்ப்பதற்கு முன்னால் டயரை மாற்று என்று பழையவர்கள் சொல்வது இதனால்தான்.

இந்தக் குறை இன்று வந்ததல்ல. 1964-இல் போண்டியாக் ஜி.டி.ஓ. வந்த காலத்திலிருந்தே மஸில் கார் என்றால் டயருக்கு மிஞ்சிய என்ஜின் என்றுதான் பொருள். அன்றைய ஒல்லி டயர்களில் புகை கிளப்புவது சுலபம், காரை நகர்த்துவதுதான் கடினம்.

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஒரு முனையில் நாம் அன்றாடம் ஓட்டும் சாலை டயர். மறுமுனையில் பட்டனே (மேற்பரப்பில் வெட்டிய வடிவமே) இல்லாத ஸ்லிக் டயர். அதைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. இவற்றுக்கு நடுவில், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டி.ஓ.டி. முத்திரை தாங்கிய டிராக் ரேடியல்கள். முத்திரை இருந்தால் சாலைக்கு ஏற்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹூசியர் நிறுவனமே தன் டி.ஓ.டி. டயர்கள் நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று வெளிப்படையாக அறிவிக்கிறது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். எனவே அந்தப் பெயரை என் பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிட்டேன்.

ரேடியலா, பயஸ்-பிளையா என்பது அடுத்த கேள்வி. நம் ஊர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்வது இந்தப் பயஸ்-பிளையைத்தான்: உள்ளிழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடுவதால் பக்கச்சுவர் நன்றாக மடங்கிக்கொடுக்கும். மெதுவாக ஓடும் காணொளியில் ஒரு பயஸ் ஸ்லிக் கிளம்புவதைப் பார்த்தால், அதன் பக்கச்சுவர் சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து, பிறகு விரிந்து காரை முன்னே தள்ளுவது தெரியும். கிளட்சைச் சட்டென விடும் மேனுவல் கியர் கார்களுக்கு அந்த மடிப்பு ஒரு மெத்தை. அதிர்ச்சியில் ஒரு பகுதியை அது விழுங்கிக்கொள்கிறது. ரேடியலில் அவ்வளவு மடிப்பு இராது. அடிப்பகுதி மட்டும் சற்றுக் குந்தும். ஆனால் நேராக ஓடும், உருளும் தடை குறைவு, கால் மைல் முடிவில் மூன்றிலக்க வேகத்தில் ஸ்டியரிங் நிதானமாக இருக்கும். முன்பக்கம் ரேடியலும் பின்பக்கம் பயஸ்-பிளையும் கலந்து ஓட்டினால் வேகத்தில் காரின் பின்பகுதி அலைபாயும். அதைத் திடலில் பொறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் பொறுத்துக்கொள்ள நான் தயாரில்லை.

இனி, பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உள்ள இடத்துக்கு வருகிறேன். டிராக் டயர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, எவ்வளவு அகலம் போகும் என்பது. 305 போகுமா, 315 போகுமா, ஃபெண்டர் உள்விளிம்பை மடித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் போகுமா என்று அளவு நாடாவோடு படுத்துக்கிடக்கிறார்கள். அகலத்தைவிட உயரம் முக்கியம் என்பது என் அனுபவம்; டயரின் உயரமல்ல, பக்கச்சுவரின் உயரம். 275/40ஆர்19 டயரின் பக்கச்சுவர் 110 மில்லிமீட்டர். 305/45ஆர்17 டயரில் அது 137 மில்லிமீட்டர். மொத்த விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 27.7 அங்குலத்துக்கும் 27.8 அங்குலத்துக்கும் உள்ள வேறுபாடு. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஏ.பி.எஸ். குழம்பாது, கியர் விகிதம் மாறியது போலவும் தோன்றாது. ஆனால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கும் அதிகமான ரப்பர் கூடுதலாக வந்துவிட்டது. முறுக்குவிசை வந்து மோதும் கணத்தில் அதைத் தாங்கி, சற்றே திருகி, தரையில் படும் பரப்பை நீளவாக்கில் பெருக்குவது அந்தக் கூடுதல் அங்குலம்தான்.

டாட்ஜ் நிறுவனம் செய்ததைப் பார்த்தாலே இது விளங்கும். 2018-ஆம் ஆண்டு சேலஞ்சர் டீமன் கார் நான்கு சக்கரங்களிலும் நிட்டோ என்.டி.05ஆர் டிராக் ரேடியல்களோடு விற்பனைக்கு வந்தது, அளவு 315/40ஆர்18. 840 குதிரைத்திறன், கால் மைலுக்கு 9.65 நொடி. 2023-இல் வந்த டீமன் 170 காரில் திறன் 1,025-ஐத் தொட்டது, நேரம் 8.91 நொடியாக இறங்கியது. இவ்வளவு கூடிய விசையைத் தரைக்குக் கொண்டுசேர்க்க அவர்கள் பின் டயரின் அகலத்தை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டவில்லை; அதே 315-தான். ரிம்மை 17 அங்குலமாகக் குறைத்து, விகிதத்தை 40-இலிருந்து 50-ஆக உயர்த்தி, மிக்கி தாம்சன் ஈ.டி. ஸ்ட்ரீட் ஆர் டயர்களைப் பொருத்தினார்கள். முன்பக்கம் 245-ஆக ஒல்லியாகிவிட்டது. தொழிற்சாலைப் பொறியாளர்கள் அகலத்தை விட்டுச் சுவரைப் பிடித்தார்கள் என்றால், நானும் நீங்களும் 20 அங்குல ரிம்மின் அழகுக்காகப் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறகு வந்தது. முதலில் நான் செய்தது, பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் ரிம்மோடு பாதி விலைக்குக் கிடைத்த பழைய டிராக் ரேடியல் ஜோடியை வாங்கியது. பட்டன் முக்கால் பங்கு மிச்சம் இருந்தது, கறுப்பாகப் பளபளத்தது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது அவை செய்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. டிராக் ரேடியல் தேய்ந்து சாவதைவிடக் காய்ந்து சாவதுதான் அதிகம். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் அதன் மென்மை கொஞ்சம் குறைகிறது. நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டிய ரப்பர், பழைய செருப்பின் குதிகால் போல இறுகியிருந்தது. திடலில் அவை என் சாலை டயரைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. போதாததற்கு, திரும்பும் வழியில் யூ.எஸ். 23 நெடுஞ்சாலையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. தேங்கிய நீரில் மணிக்கு 60 மைலில் ஏறியதும் பின்பகுதி மெல்ல இடப்பக்கம் விலகி, ஸ்டியரிங் கையில் கனமற்றுப் போன அந்த இரண்டு நொடிகளை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. காலை எடுத்துவிட்டுப் பிரேக்கைத் தொடாமல் இருந்ததால் தப்பினேன். அந்த டயரின் பெயர் இங்கே தேவையில்லை. அது செய்யக்கூடியதற்கு மேல் அதைக் கேட்டது நான்.

அந்த மழைக்குப் பிறகு தேர்வு எளிதாகிவிட்டது. ஈ.டி. ஸ்ட்ரீட் ஆர், ஈ.டி. ஸ்ட்ரீட் எஸ்/எஸ், நிட்டோ என்.டி.05ஆர் ஆகிய மூன்றும் என் பட்டியலில் இருந்தன. ஆர் என்பது ஸ்லிக்குக்குச் சாலை உரிமம் வாங்கிக்கொடுத்தது போன்றது. பட்டன் என்று சொல்ல ஒருசில வெட்டுகள்தான். டீமன் 170-க்கு அது தேவை, 460 குதிரைத்திறனுக்குத் தேவையில்லை. நிட்டோவின் ட்ரெட்வேர் எண் (தேயாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான மதிப்பு) பூஜ்யம்; என் பழைய மிஷெலினுக்கு அது 300. திடல் நண்பர் ஒருவர் தம் கமாரோவில் நிட்டோவைத்தான் ஓட்டுகிறார், நல்ல டயர், எனக்கு அதன்மேல் புகார் எதுவும் இல்லை. எஸ்/எஸ் டயரின் பட்டனில் நீர் வெளியேற வாய்க்கால்கள் மற்ற இரண்டையும்விடத் தாராளமாக வெட்டப்பட்டிருப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அதற்காகவே அதை எடுத்தேன்.

டயரோடு செலவு முடிவதில்லை. 17 அங்குல டயருக்கு 17 அங்குல ரிம் வேண்டும். என்னுடையது பெர்ஃபாமன்ஸ் பேக்கேஜ் கார். முன்பக்கம் பிரெம்போ காலிப்பரும் 380 மில்லிமீட்டர் டிஸ்க்கும் இருப்பதால் அங்கே 17 அங்குல ரிம் நுழையவே நுழையாது. பின்பக்க டிஸ்க் 330 மில்லிமீட்டர்தான், எனவே உட்குழிவு சரியாக அமைந்த 17x10 ரிம் உட்கார்ந்துவிடுகிறது. முன்னால் 19, பின்னால் 17 என்று நிற்கும் காரைப் பார்த்து என் மனைவி, வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டது போல இருக்கிறது என்றார், மறுக்க முடியவில்லை. புது ரிம்களில் காற்றழுத்த சென்சார் வாங்கிப் போடாவிட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கோடை முழுவதும் எரியும். நான் கஞ்சத்தனம் பார்த்தேன், அது எரிந்துகொண்டிருக்கிறது. ரிம், டயர், மாட்டுகூலி எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டியது.

திடலில் இந்த டயரைப் பழக்க எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. ஓட்டத்துக்கு முன் பின்டயர்களை நனைத்துச் சுழற்றிச் சூடாக்குவதற்கான தண்ணீர்க் குட்டைக்குள் நேராக ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. முன் டயர்களின் பட்டனில் நீர் ஏறி, அதைப் புறப்படும் கோடுவரை சிந்திக்கொண்டே போவோம், பின்னால் வருகிறவர் திட்டுவார். குட்டையைச் சுற்றிப்போய், பின்சக்கரங்களை மட்டும் அதன் விளிம்பில் பின்னோக்கி இறக்க வேண்டும். மஸ்டாங்கில் லைன்-லாக் கம்பெனியிலேயே வருகிறது; டிராக் ஆப்ஸ் பட்டியலில் போய் அதைத் தட்டினால் 15 நொடிவரை முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் தனியாகச் சுழலும். ஸ்லிக்குக்குச் செய்வது போல நெடுநேரம் புகை கிளப்பத் தேவையில்லை. மேல்தோல் துடைந்து, முதல் வெண்புகை கண்ணாடியில் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் சுழற்றினால் ரப்பர் எண்ணெய்ப் பசையாகி, இருந்த பிடிப்பும் போய்விடும். முதல் மாலை நான் அதைத்தான் செய்தேன், வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டினார்கள், நேரச்சீட்டு கைதட்டவில்லை.

காற்றழுத்தம் அடுத்தது. சாலையில் 30 பவுண்டு. திடலில் 20-இல் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பவுண்டாக இறக்கிப் பார்த்தேன். 17-இல் கார் சுழலாமல், தயங்காமல் கிளம்பியது. 16-க்கு இறக்கியபோது 60 அடி நேரத்தில் லாபம் எதுவும் வரவில்லை, கால் மைல் முடிவில் பின்பகுதி லேசாக நெளிவது மட்டும் தெரிந்தது. மறுபடி 17-க்கு ஏற்றிவிட்டேன். இந்த எண் உங்கள் காருக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் பங்க்கில் இருக்கும் 100 பவுண்டு மீட்டரை இதற்கு நம்பாதீர்கள், அரைப் பவுண்டைக் காட்டும் குறைந்த அழுத்த மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அளப்பதையும் ஒரே நிலையில் செய்ய வேண்டும். வரிசையில் வெயிலில் நின்ற பக்கத்து டயரில் மட்டும் ஒரு பவுண்டு ஏறியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

புறப்படும் இடத்தில் பசைப்பொருள் தெளித்திருப்பார்கள். அதில் நடந்தால் ஷூவின் அடி தரையோடு ஒட்டி, ஒவ்வோர் அடிக்கும் பிய்த்தெடுக்கும் சத்தம் கேட்கும். அப்படித் தயார்செய்த தரையில் இந்த டயர் முழு விசையையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது கோடையில் கிடைத்த என் நல்ல சீட்டு: 60 அடிக்கு 1.74, கால் மைலுக்கு 12.03, வேகம் 114. என்ஜின் அதேதான், ஓட்டுநரும் அவரேதான். வேகத்தில் மாற்றம் ஏறத்தாழ இல்லை. நேரத்தில் அரை நொடிக்குச் சற்றுக் குறைவான லாபம் முழுவதும் ரப்பர் கொடுத்தது. மிச்சமுள்ள 0.04 நொடிக்காக நான் இன்னும் தூக்கம் கெட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

பிடிப்பு கூடும்போது வேறொரு தலைவலி முளைக்கிறது. இதுவரை சுழன்று தப்பித்துக்கொண்டிருந்த விசை இப்போது ஆக்சிலுக்கும் சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள புஷ்ஷுக்கும் போகிறது. 2015-க்குப் பிந்தைய மஸ்டாங்கில் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். தொழிற்சாலை ரப்பர் புஷ்கள் மென்மையானவை. தரை சரியாகத் தயாராகாத ஒரு மாலையில், சக்கரம் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு, காரின் பின்பகுதி தார்ச்சாலையில் மாட்டுவண்டி போலத் தடதடவென்று குதித்தது. அந்தத் தடதடப்பு, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப்-ஷாஃப்டை முறித்துவிடக்கூடியது. அதைக் கேட்ட மறுகணமே காலை எடுத்துவிட வேண்டும். தாங்கிவிடும் என்று அழுத்திப் பார்க்கக் கூடாது. அடுத்த வாரமே சற்றுக் கடினமான புஷ்களைப் பின்பக்கம் மாற்றினேன்.

அன்றாடச் சாலையில் இந்த டயர் எப்படி? காய்ந்த சாலையில், கோடையில், நான் எதிர்பார்த்ததைவிடச் சாது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் பின்பகுதி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பின்தொடர்கிறது. உயரமான, மென்மையான பக்கச்சுவருக்கு நாம் கொடுக்கும் விலை அது. மலைப்பாதை வளைவுகளை விரும்புகிறவர் இதை வாங்க வேண்டாம். சூடான டயர் வழியில் கிடக்கும் சிறு கற்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு, வேகம் எடுத்ததும் ஃபெண்டருக்குள் சடசடவென்று எறியும். வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதல் நாள் இறங்கிப் பார்த்தேன். மழையில் 50 மைலுக்கு மேல் போவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், தேங்கிய நீரைக் கண்டால் அதற்கும் கீழே. வாய்க்கால்கள் இருப்பதால் இது மழை டயர் ஆகிவிடாது. மொட்டை டயரைவிட மேல், அவ்வளவுதான்.

குளிர் வேறு கதை. வெப்பம் 40 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் இந்த வகை ரப்பர் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். உறைநிலையில் ஓட்டினாலோ, ஏன், உறைநிலையில் சும்மா வைத்திருந்தாலோகூட வெடிப்பு விடலாம். எனவே அக்டோபர் கடைசியில் ரிம்மோடு கழற்றி, கறுப்புப் பையில் சுற்றி, கராஜில் வைக்காமல் அடித்தள அறைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். ஹீட்டர் மோட்டார் இருக்கும் மூலையில் மட்டும் வைப்பதில்லை, மின்மோட்டார் வெளியிடும் ஓசோன் ரப்பரைத் தின்றுவிடும்.

ஆயுளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இரண்டு கோடைகளில் ஏறத்தாழ 3,500 மைல் ஓடியிருக்கும், திடலில் 40-க்குச் சற்று மேற்பட்ட ஓட்டங்கள். பட்டன் நடுவில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது, ஓரங்களில் இன்னும் இருக்கிறது. சாலையில் 30 பவுண்டு வைத்ததன் விளைவு அது. 27 வைத்திருந்தால் இன்னும் சீராகத் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கோடை தாங்கும், அதற்கடுத்தது தாங்காது. மிஷெலின் இதைப் போலப் பல மடங்கு ஓடும். அந்தக் கணக்குப் பார்க்கிறவர் திடலுக்கு வாடகை ரிம் கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மேனுவல் கியர் கார் வைத்திருப்பவர், 700 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றியிருப்பவர், ஆண்டு முழுவதும் ஒரே ஜோடி டயரில் ஓட்ட வேண்டியவர் ஆகியோருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏறத்தாழ தொழிற்சாலை நிலையிலேயே இருக்கும் ஆட்டோமேட்டிக் மஸ்டாங்கோ கமாரோவோ சேலஞ்சரோ வைத்துக்கொண்டு, மாதத்துக்கு இரண்டு மாலை திடலுக்குப் போய் அதே காரில் வீடு திரும்புகிறவருக்குத் தயங்காமல் சொல்வேன். இந்த ஜோடி தேய்ந்ததும் இதே டயரைத்தான் வாங்கப் போகிறேன். இம்முறை அகலத்தில் ஒரு படி இறங்கி, பக்கச்சுவரில் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்காமல். சென்சாரையும் சேர்த்து வாங்கிவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.